மஞ்சள் புடவையில் முதல் பொட்டு

“பொடவை என்னுது பேபி. கட்டிக்கத் தந்தது என் வீட்டுக்காரர், இங்க கொண்டாந்து குடுத்தது நானு...”

“பொடவை உன்னுதாவே இருந்துட்டுப் போவட்டும்க்கா! அதும் மேல படுத்துகினு கெடந்தது யாரு? நானு! கோடு என்னுது!”

“அப்ப கோட்டை மட்டும் உரிச்சு எடுத்துக்கினு போ...”

“பாத்தீங்களா மேடம் பேச்ச? இன்னா பேச்சு பேசுது பாத்தீங்களா?”

“...அந்தக் கோட்டுக்குள்ள இப்ப உன் ஒரு கால் கூட அடங்காது, உரிமை கொண்டாட வந்துட்டா!”

“ரெண்டு பேரும் கையை விடுங்க! முப்பது வருஷத்துத் துணி, கிழிஞ்சிரும்!” என்று மைதிலி கத்தினாள்.

கிழிந்துவிடும் என்ற சொல் காதில் விழுந்ததும் இருவரும் ஒன்றாகக் கையை விட்டார்கள். மாம்பழ மஞ்சள் பூனம் புடவை இரண்டு பேருக்கும் நடுவில் தரையில் விழுந்தது. மூன்றாக மடித்துத் தைத்திருந்த அதன் மேல்பக்கத்தில், நீல ஸ்கெட்ச் பேனாவால் வரைந்த ஒரு பெண்ணுருவம் கையைக் காலை விரித்துக்கொண்டு கிடந்தது. தோளில், இடுப்பில், அடிவயிற்றில், விரல்களில் எல்லாம் அரக்குநிற ஸ்டிக்கர் பொட்டுகள். நெற்றியில் மட்டும் ஒன்றின்மேல் ஒன்றாகப் பொட்டுகள் அடுக்கி, சின்ன சட்டைப் பித்தான் அளவுக்கு மேடாக இருந்தது.

புடவைக்குச் சொந்தக்காரி அனுசுயா அந்த மேட்டைத்தான் பார்த்தாள். அதன் அடியில், எல்லாவற்றுக்கும் கீழே, முதலாவதாக ஒட்டியிருப்பது அவளுடைய பொட்டு. அதை எடுத்துப்போகத்தான் பட்டாபிராமிலிருந்து ரயிலேறி வந்திருந்தாள். இதை அவள் யாரிடமும் சொல்லியதில்லை. இன்றைக்கும் சொல்வதாக இல்லை. புடவை கைக்கு வந்தால் போதும்.

அம்பத்தூர் ஓ.டி. பக்கம், ஒரு பேக்கரியின் மாடியில் இருந்த அறை அது. தொழிலாளர் ஆய்வு வட்டம் என்ற தகரப் பலகையை நேற்றே கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தார்கள். கட்டிடத்தை இடிக்கப் போகிறார்கள். அறை நிறைய அட்டைப் பெட்டிகள். எல்லாம் நகரத்தில் ஒரு கல்லூரி நூலகத்துக்குப் போகிறவை. “உங்க பொருள் ஏதாவது இங்க இருந்தா வந்து எடுத்துக்குங்க” என்று மைதிலி பழைய ஆட்களுக்கெல்லாம் போன் செய்திருந்தாள். வந்தவர்கள் குடை, டிபன் பாக்ஸ், செத்துப்போன தோழரின் மூக்குக்கண்ணாடி என்று ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டு, மைதிலியின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார்கள். புடவைக்குத்தான் இரண்டு பேர் வந்துவிட்டார்கள்.

மைதிலி ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். அவள் அப்பா அங்கே பாதுகாப்புத் தொழிற்சாலையில் ஃபிட்டர், யூனியன்காரர். யூனியன்காரர்களுக்கு ஆள் திரட்டத் தெரியும், கோஷம் போடத் தெரியும். கம்பெனி நஷ்டத்தில் ஓடுகிறது என்று முதலாளி ஒரு தாளை நீட்டினால், அந்த நஷ்டம் நிஜந்தானா என்று பார்த்துச் சொல்ல அவர்களிடம் ஆள் இல்லை. உன் இருமலுக்குக் காரணம் பீடி என்று கம்பெனி டாக்டர் எழுதிவிட்டால், பட்டறைத் தூசியை அளந்து பார்க்க ஆள் இல்லை. அப்படிப்பட்ட ஆட்கள் வேண்டும் என்று பம்பாயிலும் டெல்லியிலும் படித்தவர்கள் சிலர் யூனியன்களோடு வந்து உட்கார்ந்த காலத்தில், இங்கே மைதிலியும், கணக்குத் தெரிந்த மனோகரன் சாரும், ஒரு லேடி டாக்டரும் சேர்ந்து இந்த மாடியைப் பிடித்தார்கள். கேட் வாசலில் நின்று பேசி, ஷிப்ட் முடிந்து வருகிறவர்களோடு பஸ்ஸில் கூடவே ஏறிப் பேசி, விலைவாசி என்ன, கூலி என்ன, எவர் விரல் எந்த மெஷினில் போனது என்று விசாரித்து விசாரித்து எழுதினார்கள். அதை வைத்துக்கொண்டு யூனியன் லேபர் ஆபீசில் பேசியது. மனோகரன் சார் இப்போது இல்லை. மைதிலிக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. இனிமேல் வித்யா என்ற சின்னப்பெண்தான் ஒரு லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு வேலையைத் தொடரப் போகிறாள்.

“முதல்ல டீ குடிங்க. குடிச்சிட்டு சண்டை போடுங்க” என்றாள் மைதிலி. கீழேயிருந்து கவரில் கட்டிவந்த டீயைக் காகிதக் கப்புகளில் ஊற்றினாள். “விஜி, நீயும் எடுத்துக்கம்மா.”

கதவோரம் பெட்டி ஒன்றின்மேல் உட்கார்ந்திருந்த விஜி இடக்கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். பேபியின் மருமகள். அவளுடைய வலது மணிக்கட்டில் துணிப்பட்டை சுற்றியிருந்தது.

“அதைப் பாரேன்க்கா” என்றாள் பேபி, குரலைக் கொஞ்சம் இறக்கி. “இவ திருமழிசைக்கி அந்தாண்ட காருக்கு வயரு கட்டுற கம்பெனில கீறா. கரையான்சாவடில கம்பெனி பஸ்ஸு வந்து ஏத்திகினு போவுது. பஸ்ஸுல ஏறதுக்கு முன்னாடி அந்தப் பட்டைய அவுத்து பையில வெச்சுக்கணும். கையில கட்டோட பாத்தா, நாளைலேந்து வராதன்னுடுவான் காண்ட்ராக்டரு. ராத்திரிக்கி ஊட்டுல வந்து மறுபடி சுத்திக்கறா. சோத்தைப் பெசைய முடியல, ஸ்பூனால துன்னுது பொண்ணு.”

“வித்யா போய்க் கேட்டாளே?” என்றாள் அனுசுயா.

மைதிலி தலையை ஆட்டினாள். “கேட்டா. போன்லயே நிரப்புற மாதிரி கேள்விங்க அனுப்பினா. அவ்வளவு பேரும் ‘வலி இல்லை’ன்னு போட்டுட்டாங்க.”

“மொதக் கேள்வியே பேரு, ரெண்டாவது கேள்வி போன் நம்பரு” என்றாள் விஜி. “யாரு மேடம் போடுவாங்க?”

“அது எங்க தப்புதாம்மா. வித்யாகிட்ட சொல்லிட்டேன்.”

“அதுக்குத்தான்க்கா கேக்கறேன் பொடவைய!” பேபியின் குரல் மறுபடி ஏறியது. “நாளைக்கி என் பொண்ணு தீபிகாவுக்கு வளைகாப்பு, எங்க முத்தாபுதுப்பேட்டை ஊட்டுலயே வெச்சுக்கறோம். இவ லைன்ல கீற பொண்ணுங்க அல்லாரும் வருதுங்க. வளைகாப்புக்குப் போனான்னு எவனும் வேலைய உட்டுத் தூக்க முடியாதுல்ல? அங்க விரிக்கணும் இத்தை. பேரும் வேணாம், நம்பரும் வேணாம், வலிக்கிற எடத்துல ஒரு பொட்டு. நம்ம செஞ்சோமே, அதே மாதிரி.”

“வேற துணி விரி. பெட்ஷீட் இல்லியா உன் வீட்டுல?”

“பெட்ஷீட்ட பாத்தா பெட்ஷீட்டுன்னுதான் நெனைப்பாளுங்க. இத்தைப் பாத்தாதான், நமக்கு முன்னாடி இத்தினி பேரு சொல்லிகீறாங்கன்னு தெரியும்.”

“ஒட்டறேன் பிக்கறேன்னு அத்தனை பேரும் கை வெச்சா இருக்கறதெல்லாம் போயிடும். நான் தர மாட்டேன்.”

“ஒரு பழம்பொடவைக்கி இவ்ளோ கிராக்கியா? நீயா கட்டிக்கப்போற?”

அனுசுயா டீயைக் கீழே வைத்தாள். கட்டிக்கொள்ள முடியாததால்தான் அந்தப் புடவை இங்கே வந்தது.

அவள் புருஷன் லாரியில் போனவன், ஒரு தீபாவளிக்கு எடுத்து வந்தது அது. அடுத்த தீபாவளிக்கு அவன் இல்லை. மஞ்சளைக் கட்டவும் முடியாமல், யாருக்காவது கொடுக்கவும் மனசில்லாமல் பெட்டிக்கு அடியில் கிடந்தது. அவளும் பேபியும் அப்போது அம்பத்தூர் தொழிற்பேட்டையில் தகரம் வெட்டும் பட்டறையில், பவர் பிரஸ்ஸில் நின்றார்கள். நாளெல்லாம் நின்றபடியே வேலை. பாத்ரூம் போக லைன் லீடர் சுதாவின் கண்ணசைவுக்குக் காத்திருக்க வேண்டும். ஒரு சனிக்கிழமை மதியம் இதே அறைக்கு மைதிலி எல்லாரையும் வரச் சொன்னாள். பழைய பெட்ஷீட் ஒன்று யாராவது கொண்டுவாருங்கள் என்று கேட்டிருந்தாள். அனுசுயா என்ன நினைத்தாளோ, மஞ்சள் புடவையைக் கொண்டுவந்தாள். கூட்டத்திலேயே ஒல்லிக்குச்சி பேபியைப் படுக்கவைத்துச் சுற்றிக் கோடு போட்டார்கள். கூச்சம் தாங்காமல் அவள் நெளிந்ததில் கோட்டின் இடுப்பு இன்றைக்கும் கோணலாகத்தான் இருக்கிறது. அப்புறம் மைதிலி ஃபேன்சி ஸ்டோரில் வாங்கிய பொட்டு அட்டைகளை நடுவில் வைத்து, “எங்கெங்க வலிக்குதோ அங்க ஒட்டுங்க. எழுத வேண்டாம், பேச வேண்டாம்” என்றாள்.

ஒருத்தரும் அசையவில்லை.

“உம் பொடவைதானேக்கா, நீ வெய்யி” என்றாள் பேபி.

அனுசுயாவுக்கு அன்றைக்குத் தோள்பட்டை நெருப்பாக எரிந்துகொண்டிருந்தது. தோளில் வைக்கத்தான் பொட்டை உரித்தாள். பத்தாம் நாள் காரியத்துக்குப் பிறகு அவள் விரலில் பொட்டு ஒட்டியது அப்போதுதான். கை தானாக நெற்றிக்குப் போய்விட்டது. ஒட்டிய பிறகுதான் செய்தது உறைத்தது. பிய்த்துவிடலாமா என்று நினைப்பதற்குள் பேபி வந்து அதன்மேலேயே ஒன்றை வைத்தாள். பிறகு இன்னொருத்தி, இன்னொருத்தி. வரைந்த பெண்ணாக இருந்தாலும் வெறும் நெற்றியோடு விடக்கூடாதே என்று வழக்கத்தில் வைக்கிறார்கள் என்று அனுசுயா நினைத்துக்கொண்டாள். அவளுடையது அடியில் போய் மறைந்தது. மறைந்தாலும் இருந்தது. அடுத்த வாரம் ஓ.டி. ஃபேன்சி ஸ்டோரில் ஒரு கருப்புப் பொட்டு அட்டை வாங்கினாள். இன்றைக்கு வரை அவள் நெற்றி வெறுமையாக இருந்ததில்லை.

“மேடம், ஞாபகம் கீதா?” பேபி சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். “தலைவலித் தைலம்!”

“மறக்குமா?” மைதிலியும் சிரித்தாள். விஜி புரியாமல் பார்க்கவே அவளுக்குச் சொன்னாள். “நெத்தியிலதான் பொட்டு ஜாஸ்தி. அதனால ‘எல்லாப் பெண்களுக்கும் கடுமையான தலைவலி’ன்னு எழுதிட்டேன். யூனியன்ல அப்படியே கொண்டுபோய் லேபர் ஆபீசுல கொடுத்துட்டாங்க. மேனேஜர் படிச்சிட்டு விழுந்து விழுந்து சிரிச்சாரு. பொம்பளைங்கன்னா தலைவலி இருக்கத்தான் செய்யும்னுட்டு, மறுநாள் ஆளுக்கொரு தைலம் பாட்டில் கொடுத்தாரு.”

“எங்க யூனியன் வாங்கிக் குடுத்த மொதக் கோரிக்கை அதான்!” என்றாள் பேபி. “தோள்ல தடவிகினோம்.”

“அப்புறந்தான் நான் உங்களை உக்காரவெச்சு முழுசாப் படிச்சுக் காட்டினேன். அதை முதல்லயே செஞ்சிருக்கணும்.”

“நாங்க சிரிச்சோமே! மேடம், அது நெத்தி மேடம், நெத்தின்னா பொட்டு இருக்கும் மேடம்னு...”

அதற்குப் பிறகு அந்த வட்டத்தில் ஒரு பழக்கம் வந்தது. யாரைப் பற்றி எழுதினார்களோ அவர்களுக்குப் படித்துக் காட்டாமல் எதுவும் வெளியே போகாது. நெற்றியைத் தள்ளிவிட்டுத் திரும்ப எழுதியதில், வலது தோளும் அடிவயிறும் பளிச்சென்று நின்றன. இந்த முறை மேனேஜர் சிரிக்கவில்லை. இழுத்தடித்துத்தான் கொடுத்தார்கள், ஆனாலும் ஸ்டூல் வந்தது, பாத்ரூமுக்குக் கேட்டுக்கொண்டு நிற்பது போனது, இரண்டு கையாலும் அழுத்தினால்தான் இறங்கும்படி பிரஸ்ஸில் பட்டன் மாற்றினார்கள். அனுசுயாவின் பத்து விரலும் இன்றைக்குப் பத்தாகவே இருக்கின்றன. காலையில் பூ கட்டும்போது சில நாள் அந்த நினைப்பு வரும். நம்மைப் பற்றி எழுதியதை நமக்கே படித்துக் காட்டி, சரியா என்று கேட்டவள் அதற்கு முன்னும் பின்னும் மைதிலி ஒருத்திதான் என்று தோன்றும்.

“அதெல்லாம் உங்க காலம் அத்தே” என்றாள் விஜி. “நாளைக்கு நீங்க எதை விரிச்சாலும் யாரும் ஒட்ட மாட்டாங்க. லைன்லயே ரெண்டு பேரு சூப்பர்வைசருக்கு போய் சொல்றவங்க, அவங்களும் வளைகாப்புக்கு வருவாங்க. யாரு ஃபர்ஸ்ட் வெக்கறான்னு ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துகினு உக்காந்துட்டு, சாப்ட்டு கெளம்பிடுவாங்க. எனக்கே பயமாத்தான் இருக்கு.”

“எங்களுக்கு மட்டும் இன்னா, பெரிய தெகிரியமா இருந்துச்சு?” பேபி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “இந்தக்கா தான் மொதல்ல வெச்சுது. நெத்தில வெச்சுட்டு அப்டியே வெளிறிப்போய் நிக்குது.”

அனுசுயா நிமிர்ந்தாள். “நான் வெளிறினதை நீ பாத்தியா?”

“பாக்காம? அந்தாண்ட சுதாக்கா உக்காந்துகினு கீது. தாலியறுத்தவ போயி மொதப் பொட்டு வெக்கறாளேன்னு வாயத் தொறந்துடுச்சு. அது சொல்றதுக்குள்ள நான் ஓடியாந்து உன்னுது மேலயே ஒண்ணை அப்புனேன். அப்பால எல்லாத்துக்கும் கண்ணு காட்டுனேன், இங்கயே வைங்கடீன்னு. ஒண்டியா இருந்தாத்தானே எவ வெச்சதுன்னு கேப்பாங்க? கும்பலாக் கெடந்தா எவ கண்டா? கடைசீல சுதாக்காவே வந்து ஒண்ணு வெச்சுது, மேல.”

கீழே பேக்கரியில் ஒரு தட்டு விழுந்த சத்தம் கேட்டது.

மைதிலிதான் முதலில் வாயெடுத்தாள். “அப்போ அந்தத் தலைவலி...”

“உங்க ரிப்போட்டுக்கு வந்த தலைவலி நான்தான் மேடம்.”

மைதிலி அட்டைப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி சிரித்தாள். “முப்பது வருஷமா எந்தக் கூட்டத்துக்குப் போனாலும், அது வழக்கம், நெத்தி வெறுமையா இருக்கக் கூடாதுங்கற வழக்கம்னு சொல்லிக்கிட்டிருக்கேன் பேபி!”

“சொல்லுங்க, இன்னாத்துக்கு மாத்தறீங்க? அதும் பொய்யில்ல.”

அனுசுயா மறுபடி அந்த நெற்றி மேட்டைப் பார்த்தாள். யாருக்கும் தெரியாது என்று இத்தனை வருஷம் பொத்தி வைத்திருந்ததை, அறை முழுக்க இருந்த பெண்கள் அன்றைக்கே தெரிந்துகொண்டு, தெரியாததுபோலத் தங்கள் கையை மேலே வைத்து மூடியிருக்கிறார்கள். சுதா உட்பட. சுதா செத்து மூன்று வருஷம் ஆகிறது. அவளோடு அனுசுயா கடைசிவரை முகம் கொடுத்துப் பேசியதில்லை.

“இத்தனை வருஷமா ஏன்டி சொல்லல?”

“நீ கேக்கல.”

“கேட்டாத்தான் சொல்லுவியா?”

“இன்னான்னு சொல்றது? நீ மறுவாரம் கருப்புப் பொட்டோட வந்து நின்ன. பாத்தேன். அதுக்கு மேல இன்னா பேச்சு?”

“உன் டீ ஆறுது” என்றாள் அனுசுயா. பேபியின் கப்பை எடுத்து அவள் கையில் வைத்தாள். வைத்த கையை உடனே எடுக்கவில்லை. பேபி அவளைப் பார்த்தாள், கப்பைப் பார்த்தாள், “சரிக்கா, சரிக்கா” என்று இரண்டு தடவை சொன்னாள்.

அனுசுயா தரையில் உட்கார்ந்து புடவையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். விரலால் பொட்டுகளைத் தடவிப் பார்த்தாள். ஒவ்வொன்றின் நடுவிலும் அதே நிற நூலால் ஒரு சின்னத் தையல்.

“யாரு மேடம் தைச்சது?”

“நான்தான். பசை காய்ஞ்சு உதிர ஆரம்பிச்சுது. ஒண்ணு உதிர்ந்தாலும் யாரோ ஒருத்தர் சொன்னது போச்சுல்ல?” என்றாள் மைதிலி. “நூலகத்துல இதைக் கண்ணாடி போட்டு மாட்டறோம்னு கேட்டாங்க. போட்டோ எடுத்துத் தரேன்னு சொல்லிட்டேன். இதை உங்களைக் கேக்காம எப்படித் தர முடியும்?”

அனுசுயா தலையை மட்டும் ஆட்டினாள். இந்தப் பெண்ணுக்குக் கண் சரியாகத் தெரியாதே, எப்படித்தான் ஊசி கோத்தாளோ என்று நினைத்தாள். பிறகு மடிப்பின் ஓரத்தில் நகத்தை விட்டு, நீளத் தையலை மெதுவாகப் பிரிக்கத் தொடங்கினாள்.

“இன்னாக்கா பண்ற?”

“பொடவைன்னா எத்தினி நீளம்? நீ படுத்தது நாலு மொழத்துல. மீதி உள்ளதான கிடக்கு.”

மடிப்பு அவிழ்ந்து விரிய விரிய மைதிலி பெட்டிகளை நகர்த்தி வழிவிட்டாள். உள்ளே மடிந்திருந்த பகுதி வெயிலே படாமல், கடையில் எடுத்த அன்றைக்கு இருந்த மஞ்சளாகவே இருந்தது. பேபியின் கோட்டுருவத்துக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு பேர் தாராளமாகப் படுக்கலாம்.

“வளைகாப்புல அத்தனை பேர் முன்னாடி எவளும் படுக்க மாட்டா. கோடு இங்கயே போட்டுடலாம்” என்றாள் அனுசுயா. “விஜி, வா. அந்தக் கையைப் பாத்து நீட்டு.”

விஜி மாமியாரைப் பார்த்தாள். பேபி, “போடி, நான் நெளிஞ்ச மாதிரி நெளியாத, இடுப்பு கோணிக்கும்” என்றாள். விஜி செருப்பை விட்டுவிட்டு வந்து மஞ்சள் மேல் படுத்தாள். மைதிலி ஒரு பெட்டியைக் கிண்டி ஸ்கெட்ச் பேனா தேடிக் கொடுத்தாள். பேபி முட்டி போட முடியாமல் முனகிக்கொண்டே சுற்றிக் கோடு இழுத்தாள். துணிப்பட்டை சுற்றிய கையருகே வந்ததும் அவள் பேனா மெதுவாகப் போனது. எழுந்து நின்று பார்த்தபோது, இரண்டு பெண்கள் ஒரே புடவையில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தார்கள், ஒருத்தி உடம்பெல்லாம் பொட்டோடு, இன்னொருத்தி வெறுமையாக.

“நாளைக்கு நீயும் வரணும்க்கா” என்றாள் பேபி. “ஓரமா நிக்கறேன் கீக்கறேன்னு சொன்ன, அவ்ளோதான்.”

“வரேன். வராம?”

மைதிலி எங்கிருந்தோ ஒரு பொட்டு அட்டையைக் கொண்டுவந்தாள். அதை வாங்கி அனுசுயா விஜியிடம் நீட்டினாள். விஜி ஒரு பொட்டை உரித்தாள். அது அவள் விரல் நுனியில் ஒட்டிக்கொண்டு நின்றது. கோட்டைப் பார்த்தாள், தன் மணிக்கட்டைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள்.

அனுசுயா அவள் பக்கத்தில் போய் நின்றாள்.

“நெத்தில வெய்யி விஜி. நெத்திப் பொட்டை மேடம் கணக்குல சேக்க மாட்டாங்க. பயப்படாம வெய்யி, மேல வெக்க நாங்க இருக்கோம்.”